சனிக்கிழமைச் சீல்

பதுளை பஸ் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் இருக்கிறது ஷுக்ரியின் ஐஸ்கிறீம் கடை. சனிக்கிழமைகளில் அதன் வாசலில் ஒரு சீல் நிற்கும். ஆள் உயரம், சாம்பல் நிறம், முதுகெல்லாம் கறுப்புப் புள்ளிகள், இரண்டு பக்கமும் துடுப்புக் கைகள், பின்னால் தரையில் இழுபடும் வால். டியூசன் விட்டு வரும் பிள்ளைகள் வாலை மிதிப்பார்கள். பெரியவர்கள் துடுப்பைத் தோளில் எடுத்துப் போட்டுக்கொண்டு போட்டோ எடுப்பார்கள். உள்ளே இருப்பது யாரோ ஒரு பையன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். இருந்தது கலாராணி. நாற்பதை நெருங்கிய பெண், ஹாலிஎலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுப்பவள்.

வேலை கேட்டு அவள் அந்தக் கடைக்கு முதலில் போனது கண்ணாடி துடைக்கவும் கோப்பை கழுவவும்தான். ஷுக்ரி அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உயரம் சரியா ஈக்கிது" என்றார். பிறகு பின்னறையிலிருந்து அந்த உடுப்பை இழுத்துக்கொண்டு வந்து போட்டார்.

"நான் செல்லினது பென்குயின். தச்சவன் அனுப்பினது இது. திருப்பி அனுப்பவும் ஏலா."

"கடல்நாய்தானே முதலாளி இது? எங்க இஸ்கூல் பொஸ்தகத்துல இருந்துச்சு."

"நாய் எண்ட பேச்சே இங்க வாணாம். இது சாப்பாட்டுக் கடை. சீல். சீல் எண்டு மட்டும் செல்லுங்க. இன்னொண்டு, உள்ளுக்கு ஈக்கிற நேரம் வாய் தெறக்கக் கூடாது. சீல் பேசினா புள்ளைகள் பயந்துரும்."

சனிக்கிழமை மட்டும்தான் வேலை. ஞாயிற்றுக்கிழமை பண்டாரவளைச் சந்தை. அன்றைக்கு அந்த உடுப்பு ஷுக்ரியின் மச்சான் கடைக்குப் போய்விடும், அங்கே அதற்குள் நிற்பது வேறு ஆள். கலாராணிக்கு ஞாயிறுதான் தோட்டத்தில் ஓய்வு. சனி ஓய்வில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் பேரு என்பார்கள். காலையில் பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். கூப்பிட்டவுடன் "இருக்கேங்கய்யா" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு மலைக்குப் போய், குறித்த நிறைக்குக் கொழுந்து கொடுத்தால் அன்றைக்கு ஒரு பேரு. லயத்துக் காம்பரா, தோட்டம் குடியிருக்கக் கொடுத்த ஒற்றை அறை, அதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. வீட்டில் ஒருவராவது பேரு போட வேண்டும். யாரும் போடவில்லையென்றால் காம்பராவை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். எழுதி ஒட்டிய சட்டமில்லை. ஆனால் மூன்று காம்பரா தள்ளியிருந்த ஒரு குடும்பம், பிள்ளைகள் எல்லாம் கொழும்புக்குப் போன பிறகு, சட்டி பானைகளோடு ரோட்டில் நின்றதை லயமே பார்த்தது. பிறகு சட்டம் எழுதப்பட்டிருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன?

கலாராணியின் புருஷன் சுரேஸும் கொழும்புக்குப் போனவன்தான். ஓட்டல் ஒன்றில் சமையல். முதலில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்தான். பிறகு போனில் வந்தான். பிறகு அந்த நம்பர் பாவனையில் இல்லை என்று ஒரு பெண் மூன்று மொழியில் சொன்னாள். பிள்ளைகள் இல்லை. மிஞ்சியது சுரேஸின் அக்கா பாக்கியலெட்சுமி. புருஷன் இறந்ததும் தம்பி வீட்டுக்கே திரும்பி வந்தவள், கட்டையான, உறுதியான உடம்பு, ஓயாத வாய். கலாராணி அவளை மதினி என்று கூப்பிடுவாள். பாக்கியலெட்சுமிக்கு வயது முடிந்து தோட்டம் வீட்டுக்கு அனுப்பிய பிறகு, அந்தக் காம்பராவின் கூரையைத் தாங்கி நின்றது கலாராணியின் ஒற்றைப் பேரு மட்டுமே.

சீல் வேலையைப் பற்றிச் சொன்னதும் பாக்கியலெட்சுமிதான் வழி கண்டுபிடித்தாள்.

"நான் போறேன்டி ஒனக்குப் பதிலா."

"கண்டுபுடிச்சிற மாட்டாங்களா மதினி?"

"சனிக்கெழம பெரட்டு மலையிலேயேதான். கணக்கப்புள்ள ஐயா வர்றதில்ல, வீரய்யா கங்காணிதான் கூப்புடுறது. அவன் எனக்குத் தம்பி மொற. தலைய எண்ணுவானே தவுர மொகத்த எங்க பாக்குறான்? முக்காட்ட இழுத்து விட்டுக்கிட்டு இருக்கேங்கன்னு சொன்னா முடிஞ்சிச்சு."

அப்படியே நடந்தது. சனிக்கிழமைகளில் கலாராணியின் பேரு மலையில் கொழுந்தெடுத்தது. கலாராணியின் உடம்பு பதுளையில் சீலாக நின்றது. ஒரு மனுஷியை இப்படி இரண்டாகப் பிரித்து இரண்டு இடத்தில் வைக்க முடியும் என்பதை யாரும் பெரிய விஷயமாக நினைக்கவில்லை. பாதியாவது தன் கையில் இருக்கிறதா என்றுதான் அவரவர் பார்த்தார்கள்.

உடுப்பின் சிப் முதுகில் இருந்தது. கழுத்திலிருந்து இடுப்பு வரை. தலையும் உடம்பும் ஒன்றாகத் தைத்தது. கை இரண்டும் துடுப்புக்குள் போய்விடுவதால், உள்ளே போனவர் தானாக வெளியே வர முடியாது. கல்லாவில் இருக்கும் றுஷ்தாதான் பூட்டுவாள், அவள்தான் திறக்க வேண்டும். முதல் நாள் சிப் மேலே ஏறிய சத்தம் கேட்டதும் கலாராணி திமிறினாள். துடுப்பால் சுவரை அடித்தாள்.

"ராணியக்கா, பயப்புட வாணாம். வாய்க்கிட்ட வலை ஈக்கிது பாருங்க. மூஞ்சிய அதுக்குக் கிட்ட வெச்சு மெதுவா மூச்செடுங்க."

சீலின் வாய் பாதி திறந்திருந்தது. அதில் கறுப்பு வலை. மூச்சும் பார்வையும் அந்த வழியால்தான். ஒரு கை அகலத்துக்கு உலகம் தெரிந்தது. ரோட்டைப் பார்த்து நின்றால் மனிதர்களின் வயிறும் கைப்பையும் தெரியும். கடையைப் பார்த்து நின்றால் சுவரில் மாட்டிய டிவி தெரியும். கலாராணி கடையைப் பார்த்து நின்றாள்.

டிவியில் நாள் முழுக்க ஒரே படம். கடைக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று ஷுக்ரி தேடிப் போட்டது. சத்தத்தை நிறுத்திவிட்டு மேலே ஒரு பாட்டை ஓட விடுவார். கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளைப் பனி. அதன் மேல் ஒரு தாய் சீலும் சாம்பல் நிறக் குட்டியும். தாய் நகர்வதைப் பார்த்தால் பாவமாக இருக்கும். நிரம்பிய கொழுந்துச் சாக்கை ஆளில்லாமல் தானே நகரச் சொன்னதுபோல. பிறகு அது பனியில் இருக்கும் ஓர் ஓட்டைக்குள் தலையை விட்டு இறங்கும். இறங்கியதும் அது வேறு பிராணி. தண்ணீருக்குள் அதற்கு எடையே இல்லை. தலைகீழாகப் போகும், மல்லாந்து போகும். கீழே நீலம், மேலே கூரைபோலப் பனி. எங்கே சுற்றினாலும் கடைசியில் அந்த ஓட்டைக்கு வர வேண்டும். வந்து, மூக்கை மட்டும் வெளியே நீட்டி, மூச்சு வாங்கி, மறுபடி கீழே. சில நேரம் வாயை அகலத் திறந்து, ஓட்டையின் ஓரத்தைப் பல்லால் அப்படியும் இப்படியும் ராவும்.

"அது என்னாத்துக்கு ஐஸக் கடிக்குது?" ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் றுஷ்தாவிடம் கேட்டாள்.

றுஷ்தா ஒரு கையால் சோற்றைப் பிசைந்துகொண்டே மறு கையால் போனில் தேடினாள். "தெக்குத் துருவத்துச் சீலாம் அக்கா. குளிர் காலத்துல ஓட்டை மூடிக்கிட்டே வருமாம். மூடாம ஈக்கப் பல்லால அறுத்துக்கிட்டே ஈக்கணுமாம். இல்லாட்டி உள்ளுக்கே மூச்சு முட்டி மவுத்தாயிரும்."

"அப்ப பல்லு தேஞ்சிருமே?"

"தேஞ்சிருமாம். தேஞ்சா ஓட்டையும் அறுக்க ஏலா, மீனும் புடிக்க ஏலா. அவ்வளவுதான்."

"ஏன் அங்கேயே கெடக்குது? ஐஸ் இல்லாத பக்கம் போனா என்னா?"

"மத்த சீலுகள் போகுமாம். இது போறதில்லையாம். மேல பனி மூடி ஈக்கிறதாலதான் இதத் திங்கிற பெரிய திமிங்கிலம் உள்ளுக்கு வர ஏலாதாம்."

"ஓஹோ" என்றாள் கலாராணி. "அதான் அதுக்கு வூடு."

அன்றைக்கு அதற்கு மேல் கேட்கவில்லை. அவளுக்குப் போதுமான அளவு விளங்கியிருந்தது.

உடுப்புக்குள் வெக்கை அவிக்கும். ஹாலிஎலை மலையின் குளிருக்குப் பழகிய உடம்புக்குப் பதுளையே சூடு. அதற்குள் இன்னொரு தோல். வியர்வை கண்ணில் இறங்கினால் துடைக்கக் கையில்லை. மூக்கு அரித்தால் அரித்ததுதான். ஆனாலும் இரண்டு மூன்று மாதம் போன பிறகு, வெள்ளிக்கிழமை இரவுகளில் அவள் விடியலை எதிர்பார்க்கத் தொடங்கினாள். கைச்செலவுக்குக் கிடைப்பது ஒரு காரணம். மற்றக் காரணத்தைப் பாக்கியலெட்சுமிக்குச் சொல்லவில்லை, சொல்லத் தெரியவும் இல்லை. உள்ளே நிற்கும்போது அவளை யாரும் கூப்பிடுவதில்லை. கலாராணி என்று அதட்ட ஆளில்லை. மதினியின் "ஏய்" இல்லை. சுரேஸ் பொண்டாட்டி என்று கண்ணால் அளப்பவர்கள் இல்லை. அதை விடுதலை என்று பெரிதாகச் சொல்லிவிடக் கூடாது. ஒரு அறையிலிருந்து எடுத்து இன்னொரு அறையில் பூட்டப்படுகிறவன், இரண்டு கதவுக்கும் நடுவில் கொஞ்சம் காற்று வாங்குவான். அவ்வளவுதான் அது. ஆனால் அந்தக் காற்றை அவள் அதற்கு முன் வாங்கியதில்லை.

கூப்பிடுதல் என்பது அவளுக்குச் சின்ன விஷயமில்லை. முதன்முதலாகப் பெரட்டுக்குப் போன நாளில், அப்போதிருந்த கணக்கப்பிள்ளை அவள் பெயரைக் கூப்பிட்ட நேரம், அவள் எதிர் மலையில் மேகம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள். ஒரு கணம்தான். "தூங்குறவளுக்கு மலையில என்னா வேல? வீட்டுல போயித் தூங்கு" என்று அனுப்பிவிட்டார். வெறும் கூடையோடு, எல்லோர் சிரிப்பையும் முதுகில் வாங்கிக்கொண்டு லயத்துக்குத் திரும்பினாள். அதன் பிறகு ஒரு நாளும் அப்படி ஆனதில்லை. பெயரின் கடைசி எழுத்து முடியும் முன்னே பதில் வந்துவிடும். காய்ச்சலில் படுத்திருந்தபோது யாரோ வாசலில் அவள் பெயரைச் சொல்ல, கண் திறக்காமலே "இருக்கேங்கய்யா" என்றிருக்கிறாள். பாக்கியலெட்சுமி அதை லயமெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை. பதுளையில் நடக்க இடமில்லை. தோட்டங்களிலிருந்து இறங்கிய சனமெல்லாம் துணிக்கடையிலும் பட்டாசுக்கடையிலும் நெரிந்தது. ஷுக்ரிக்கு வாயெல்லாம் பல். காலையிலிருந்தே சீலை உட்கார விடவில்லை. நடுப்பகல் தாண்டியும் சிப் திறக்கப்படவில்லை.

றுஷ்தா கண்ணைக் காட்டினாள், வாங்க என்று. கலாராணி வாலை இழுத்துக்கொண்டு பின்னறைப் பக்கம் இரண்டு எட்டு வைத்தாள். அப்போதுதான் வலை வழியே அந்தக் கட்டம் போட்ட சட்டை தெரிந்தது. அதற்கு மேல், மீசை. ரெங்கசாமி. அவளுடைய தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. மனைவியோடும் சின்ன மகளோடும் உள்ளே வந்து, பின்னறைத் திரைக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தார். பின்னறைக்குக் கதவில்லை. ஒரு திரை, அதுவும் பாதித் திரை.

கலாராணி நின்றுவிட்டாள்.

உள்ளே போனால் உடுப்பைக் கழற்ற வேண்டும். கழற்றினால் அவர் கைக்கெட்டும் தூரத்தில் கலாராணி நிற்பாள். மலையில் அதே நேரம் கலாராணி கொழுந்தெடுத்துக்கொண்டிருக்கிறாள். அவர் இரண்டையும் கூட்டிக் கழித்தால் பேரை வெட்டுவார். பேரு போனால் காம்பரா போகும். பாக்கியலெட்சுமி எந்த ரோட்டில் நிற்பாள்? தான் எங்கே நிற்பது?

றுஷ்தா மறுபடி சைகை செய்தாள். சீல் மாட்டேன் என்று இடுப்போடு சேர்த்து ஆடியது. பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

"அப்பா, சீல் டான்ஸ் ஆடுது!" ரெங்கசாமியின் மகள் பிரணவி நாற்காலியிலிருந்து குதித்து ஓடி வந்து, சீலின் வயிற்றைக் கட்டிக்கொண்டாள்.

"ஆடு, ஆடு" என்றார் ஷுக்ரி. "புள்ளைக்கு ஆடிக் காட்டு. ஐயா எந்தத் தோட்டம்?"

ரெங்கசாமி தோட்டத்தின் பெயரைச் சொன்னார். ஷுக்ரி வாயைத் திறந்து, கல்லாவில் நின்ற றுஷ்தாவின் முகத்தைப் பார்த்து, மூடிக்கொண்டார். சீலுக்குள் நிற்பவளின் தோட்டம் அதுதான் என்பது அவருக்குத் தெரியும்.

சீல் ஆடியது. பிள்ளை விடவில்லை. குழந்தையின் கன்னச் சூடு வயிற்றில் பட்டது. உள்ளே காற்று தீர்ந்துகொண்டு வந்தது. கலாராணி வலையில் உதட்டை ஒட்டி மூச்சு இழுத்தாள். டிவியில் தாய் சீல் பனிக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. ஓட்டைக்கு வரட்டும் என்று பார்த்தாள். வந்ததும் கூடவே மூச்சு இழுக்கலாம். நீலம் இருண்டது; ஓரங்களில் வெள்ளைப் பூச்சி பறந்தது. காலுக்குக் கீழே தரை மெத்தென்று ஆனது. காலையில் மலையில் நிற்பது போலவும் இருந்தது, பதுளையில் நிற்பது போலவும் இருந்தது.

ரெங்கசாமியின் போன் அடித்தது. "ஐயோ, தொர" என்று எழுந்து நின்றார். தீபாவளி நெருங்கினால் ஆட்கள் மலைக்கு வராமல் நின்றுவிடுவார்கள் என்று தோட்டத்துத் துரைக்குச் சந்தேகம். மலையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று உடனே சொல்ல வேண்டுமாம். அவர் "யெஸ் சேர், யெஸ் சேர்" சொல்லி வைத்துவிட்டு, கங்காணி வீரய்யாவுக்கு எடுத்தார். பெரிய மனிதர் போனில் பேசுகிறாரென்று ஷுக்ரி மரியாதைக்குப் பாட்டை நிறுத்தினார். கடை அமைதியானது.

"வீரய்யா? மலையிலதான நிக்கிற? நான் ஒவ்வொரு பேரா சொல்றேன். இருந்தா இருக்குன்னு சொல்லு, இல்லாட்டி இல்லேன்னு சொல்லு. கத கட்டாத. ம்... சுதர்ஷினி?... சரி. செல்லம்மா?... ஏன் இல்ல? சரி, விடு."

பெரட்டுக்களத்தில் கூப்பிடும் அதே குரல். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் அதே சின்ன இடைவெளி.

"கலாராணி?"

போனுக்குள் வீரய்யா ஏதோ சொன்னார். அதே நேரம் சீலுக்குள்ளிருந்து, தெளிவாக, பெண் குரலில் பதில் வந்தது.

"இருக்கேங்கய்யா."

றுஷ்தா கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டாள். பிரணவி தலையைத் தூக்கி, திறந்திருந்த வாயைப் பார்த்தாள்.

"அப்பா! சீல் ஒங்களுக்குப் பதில் சொல்லுது!"

கடையே சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் ஷுக்ரி. "எங்கட சீல் மரியாத தெரிஞ்ச சீல் ஐயா! பெரியாக்களக் கண்டா சும்மா ஈக்க மாட்டா!" சிரிக்கும்போதே அவர் நெற்றியில் வியர்வை பூத்தது.

ரெங்கசாமி சிரிக்கவில்லை. ஒரு காதில் போன். மறு காது சீலின் பக்கம். இரண்டு காதிலும் ஒரே ஆள் இருந்தாள். மெதுவாக நடந்து வந்து, குனிந்து, வலைக்குள் பார்த்தார். உள்ளே இருட்டில் இரண்டு கண்கள் அவரைப் பார்த்தன. குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"மலையில ஒரு கலாராணி இருக்கா. இங்க ஒண்ணு இருக்கு. நான் எதுக்குப் பேரு போட?"

அவள் பேசவில்லை. ஒரு தடவை பேசியதே போதும்.

அவர் நிமிர்ந்தார். என்ன நினைத்தார் என்று யாரால் சொல்ல முடியும்? இரக்கப்பட்டார் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இத்தனை சனிக்கிழமையும் மலையில் நின்றது யாரென்று துரை கேட்டால், அந்தப் பேருக்கெல்லாம் கீழே கையெழுத்து வைத்தவர் அவர்தான். அவளை வெட்டினால் அந்தக் கத்தி அவர் கையையும் தொட்டுவிட்டுத்தான் போகும். அவருக்கும் கீழே வீடொன்று இருந்தது, தோட்டம் கொடுத்தது. ஓடு போட்ட வீடு, அவ்வளவுதான் வித்தியாசம். போனுக்குள் வீரய்யா "ஐயா? ஐயா?" என்றார்.

"ம். இருக்கா" என்றார் ரெங்கசாமி. "அடுத்தது."

மிச்சப் பெயர்களைக் கூப்பிட்டு முடித்தார். ஐஸ்கிறீம் உருகியிருந்தது, அதைக் குடித்துவிட்டு எழுந்தார். பிரணவி போகும்போது சீலின் துடுப்புக்கு முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள்.

றுஷ்தா சிப்பைத் திறந்ததும் கலாராணி பின்னறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"ஏனக்கா வாயத் தெறந்த நீங்க?"

"நான் எங்க தெறந்தேன்? அதுவா தெறந்துச்சு."

லயத்தில் பாக்கியலெட்சுமி இதைக் கேட்டு முதலில் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். பிறகு திட்டத் தொடங்கினாள். "நாய் வேஷம் போட்டவளுக்கு நாய் மாதிரி கொரைக்கக் கூடத் தெரியல! கூப்புட்ட ஒடனே வாலாட்டிட்டு வந்துட்டா!" ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் திட்டினாள். நடுநடுவே காம்பராவைச் சுற்றிப் பார்த்தாள். புகை படிந்த சுவரை, தகரக் கூரையை, தன் தகப்பன் அடித்த ஆணியில் தொங்கிய சாமி படத்தை. கலாராணி அடுப்பைக் கவனித்தாள். வெளியே போகலாம் என்றால் எங்கே போவது? லயத்து வாசலில் நின்றாலே தெரிந்தவர்கள். அவள் உள்ளேயே இருந்தாள்.

திங்கட்கிழமைப் பெரட்டில் ரெங்கசாமி வழக்கம்போல வரிசையாகக் கூப்பிட்டார்.

"கலாராணி?"

"இருக்கேங்கய்யா."

"சத்தம் கேக்கல."

"இருக்கேங்கய்யா!"

"எங்க இருக்க?"

பெண்கள் சிரித்தார்கள், ஐயா இன்றைக்கு நல்ல குஷியில் இருக்கிறார் என்று நினைத்தார்கள்.

"இங்கதாங்கய்யா."

"ம்" என்று எழுதிக்கொண்டார்.

எல்லோரும் மலைக்கு ஏறத் தொடங்கியதும் அவளை நிறுத்தினார். "இந்தாம்மா. இனிமே சனிக்கெழமையும் நீயேதான் வரணும். ஒரு நாள் நின்னாலும் பேர வெட்டிருவேன், அப்பறம் காம்பராவப் பத்தி என்கிட்ட வந்து அழக் கூடாது. ஒங்க நாத்துனா மலைப் பக்கமே வரப்படாது. வீரய்யாகிட்டயும் சொல்லிட்டேன். ஏன்னு யாரும் யாருக்கும் சொல்ல வேணாம்."

"சரிங்கய்யா."

போகத் திரும்பியவர் நின்றார். "என் புள்ள நேத்து முழுக்க அந்தச் சீலயே கேட்டுச்சு. நீ போகாட்டியும் வேற ஆள வச்சு ஓட்டுவாங்கல்ல?"

"தெரியலீங்கய்யா" என்றாள்.

காம்பரா தப்பியது. அன்றிரவு பாக்கியலெட்சுமி விளக்கேற்றிக் கும்பிட்டாள். கும்பிட்டு முடித்துத் திரும்பும்போதே அடுத்த யோசனை வந்துவிட்டது.

"அப்ப நான் போறேன்டி."

"எங்க?"

"அந்த நாயிக்குள்ளதான். நீ மலைக்குப் போ. நான் டவுனுக்குப் போறேன். வர்ற வரும்படிய எதுக்கு விடணும்?"

"ஒங்களால முடியாது மதினி. வெக்க தாங்காது."

"அடுப்புக்கிட்டயும் வெயில்லயும் வேகாத ஒடம்பாடி இது?"

"நீங்க கட்ட. அந்த உடுப்பு நெட்டையான ஆளுக்குத் தச்சது."

"காலுக்கு மடிச்சுக் குத்திக்கிட்டாப் போச்சு."

கலாராணிக்குச் சொல்ல வேறு காரணம் கிடைக்கவில்லை. உண்மையான காரணத்தைச் சொன்னால் மதினிக்கு விளங்காது. அதை விட, விளங்கிவிட்டால் என்ன செய்வது என்று பயமாகவும் இருந்தது. மறுநாள் அவளே ஷுக்ரிக்குப் போன் செய்து, வேறு ஆள் வருவார் என்றாள். "வாயத் தெறக்காத ஆளா?" என்று கேட்டார் ஷுக்ரி. பாக்கியலெட்சுமியின் வாயைப் பற்றி என்ன சொல்வது? உள்ளே போனால் திறக்க மாட்டார் என்றாள்.

அந்தச் சனிக்கிழமை கலாராணி மலையில் இருந்தாள். வீரய்யா கங்காணி இந்தத் தடவை தலையை எண்ணவில்லை. ஒவ்வொரு முகமாகக் கிட்ட வந்து பார்த்தார். அவளிடம் வந்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு பெயரைச் சொன்னார். அவள் பதில் சொன்னாள். மழை தூறிக்கொண்டிருந்தது. பக்கத்து நிரையில் நின்றவள், "என்னா ராணி, சனிக்கெழமையில ஒன்னக் காணவே முடியாதே" என்றாள். "காணாட்டி அப்ப யாரு எடுத்தா?" என்றாள் இன்னொருத்தி. எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. கை கொழுந்தைப் பறித்துக்கொண்டிருந்தது. பெயரும் உடம்பும் ஒரே இடத்தில் இருந்தன. ஒரு மனுஷி முழுதாக இருப்பது என்றால் இப்படித்தானா?

பொழுது சாயும்போது பாக்கியலெட்சுமி வந்தாள். தலையெல்லாம் நனைந்து, முகம் சிவந்து, பத்து வயது குறைந்தவள்போல இருந்தாள். செருப்பைக் கழற்றும் முன்னே தொடங்கிவிட்டாள்.

"ஒருத்தனுக்கும் தெரியலடி! அந்தப் பொண்ணு றுஷ்தாதான், சீல் சலவையில சுருங்கிட்டா மாதிரி இருக்குன்னு சொல்லிச் சிரிச்சா. நம்ம கீழ் லயத்துப் பய ஒருத்தன் என் தோள்ல கை போட்டுப் போட்டோ எடுத்துக்கிட்டான். நாளெல்லாம் என்னப் பாத்தா ஒளியுற பய!"

"சிப்ப ஏத்துனதும் பயமா இல்லியா?"

"மொதல்ல இருந்துச்சு. பொறகு..." பாக்கியலெட்சுமி நிறுத்தினாள். அவள் பேச்சின் நடுவில் நிறுத்துவது அபூர்வம். வாசல் கல்லில் உட்கார்ந்து, ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். "பொறகு நல்லா இருந்துச்சுடி. காலையில இருந்து சாய்ந்தரம் வரைக்கும் ஒருத்தன் என்னக் கூப்புடல. ஒரு வேல ஏவல. சும்மா நின்னேன். எனக்கு நெனவு தெரிஞ்ச நாள்ல இருந்து இப்படி நின்னதே இல்ல." நிமிர்ந்து பார்த்தாள். "நீ இத எனக்குச் சொன்னதே இல்லையே?"

கலாராணி அடுப்பிலிருந்து சோற்றை இறக்கினாள். கோப்பையில் போட்டு, பருப்பை ஊற்றி, மதினிக்கு முன்னால் வைத்தாள். வெளியே மழை வலுத்தது. தகரக் கூரையில் அது விழும் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. தகரம் ஒழுகவில்லை.

"அடுத்த சனிக்கெழமையும் நான்தான போறேன்?" பாக்கியலெட்சுமி சத்தமாகக் கேட்டாள். அந்தக் கேள்வியில் கொஞ்சம் கெஞ்சல் இருந்தது.

கலாராணி தனக்கும் சோறு போட்டுக்கொண்டாள்.

"நீங்கதான் மதினி" என்றாள். "சாப்புடுங்க, ஆறிரும்."